நிழலை மீட்பதும் வெளுப்பதும்

பிள்ளையார்பாளையத்துத் தறிவீடுகளைப் படமெடுத்து வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: ஜரிகை பளிச்சென்று விழுந்திருக்கிறது, நெய்கிறவர் முகம் இருட்டில் போய்விட்டது. 'வீட்டுக்குள்ள வெளிச்சம் பத்தல' என்று சொல்லி இதை முடித்துவிட முடியாது. தறிக்குழிக்குள் காலை இறக்கிக் குனிந்து உட்கார்ந்திருப்பவரின் முகத்துக்கு வராத வெளிச்சம், அவர் நெய்யும் துணியின்மேல் விழுகிறது. கேமராவின் ஒளிமானியோ எதிரில் இருப்பது எதுவானாலும் அது சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. ஜன்னலும் ஜரிகையும் மின்னினால் மொத்தப் படத்தையும் இறக்கிவிடுகிறது. சரக்கு தெரிகிறது, உழைப்பாளி மறைகிறார். யாரும் திட்டமிடாமலே நடக்கும் இந்தத் தேர்வுக்குள் ஓர் அரசியல் இருக்கிறது.

இந்தக் கணக்குக்கு வரலாறும் உண்டு. கலர் பிலிம் காலத்தில் பிரிண்டு போடும் லேபுகளுக்கு கோடாக் அனுப்பிய 'ஷெர்லி அட்டை'களில் பல ஆண்டுகள் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. நம்மூர் ஸ்டுடியோக்களில் நெகடிவின்மேல் பென்சில் ஓட்டி முகத்தைக் 'கொஞ்சம் கலரா' ஆக்கிக் கொடுத்ததும் இதே மதிப்பீட்டின் உள்ளூர் வடிவம்தான். எதிர்த்திசையிலும் இது நடக்கும். 1994 ஜூனில் கைதான ஓ.ஜே. சிம்ப்சனின் போலீஸ் படத்தை 'டைம்' பத்திரிகை மேலும் கறுப்பாக்கி அட்டையில் போட்டது; 'நியூஸ்வீக்' அதே படத்தை அப்படியே போட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் 'டோன்' என்பதை அதற்குப்பின் வெறும் தொழில்நுட்பச் சொல்லாக எடுத்துக்கொள்ளவில்லை.

இன்று இந்த வேலை மென்பொருளிடம் வந்திருக்கிறது. கேமரா தரும் 12 பிட் 'ரா' கோப்பில் 4096 படிநிலைகள். மிகப் பிரகாசமான ஒரு ஸ்டாப்புக்கு மட்டும் அதில் பாதி, 2048. அடுத்ததற்கு 1024, பிறகு 512, 256. ஐந்தாவது ஸ்டாப்புக்குக் கிடைப்பது 128. பங்கீடே இப்படி. போதாததற்கு அங்கே விழுந்த ஒளியும் குறைவு. அதனால்தான் நிழலைத் தூக்கும்போது புள்ளிபுள்ளியாக இரைச்சல் கிளம்புகிறது. நிறத்துக்கு 256 படிநிலைகளே உள்ள ஜேபெக் இன்னும் சீக்கிரம் பட்டைபட்டையாகப் பிளந்துபோகும். ஆனாலும் இருட்டில் ஏதோ மிச்சமிருக்கிறது. வெந்து வெள்ளையாகிப்போன இடத்தில் ஒன்றுமே இல்லை. ஆகவே ஜரிகை வெந்துபோகாத அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறைத்து 'ரா'வில் எடுத்து, டார்க்டேபிள் போன்ற இலவச மென்பொருளில் நிழல்பகுதியை மட்டும் உயர்த்தலாம்.

எதுவரை உயர்த்துவது என்பதுதான் கேள்வி. 'ஆட்டோ' பொத்தானை அமுக்கினால் பல சமயம் முகம் வெளுத்துவிடுகிறது. நெய்கிறவரின் தோல் அவருடையதாக இல்லாமல் போகிறது. பழைய ஸ்டுடியோ பென்சில்தான் இது. மீட்பது என்றால் கறுப்புக்குள் இருக்கும் நெற்றிச் சுருக்கத்தையும் விரல் காய்ப்பையும் அந்த நிறத்திலேயே காட்டுவது.

இன்னொன்று. கோர்வைப் புடவையில் உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடிக் கோக்கப்படுகின்றன. ஒரு கரையின் நாடாவைத் தள்ள இரண்டாவது ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் படத்தின் இருண்ட ஓரத்தில் இருப்பார். அங்கே குழந்தைகள் உட்கார்த்தப்பட்ட காலமும் உண்டு. பட்டுத்தொழிலில் குழந்தைக் கொத்தடிமை பற்றி 2003 ஜனவரியில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கை காஞ்சிபுரத்தையும் பேசியது. நிழலைத் தூக்கும்போது ஓரத்தில் தெரியவரும் கை யாருடையது, என்ன வயது என்பதெல்லாம் சாட்சியம். செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களோ இரைச்சலை நீக்குகிறேன் என்று சொல்லி, பதிவாகாத முகத்தை வேறு ஆயிரம் முகங்களிலிருந்து ஊகித்து வரைந்துவிடக்கூடும். அழகாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே இருந்தவர் அவரல்ல. அந்தப் படத்தோடு கூலிக்காகவோ உரிமைக்காகவோ போய் நின்றால், எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் அதைத் தள்ளிவிடும்.

மூலக் கோப்பை அழிக்காமல் வைப்பது, என்ன மாற்றினோம் என்று படத்தோடு எழுதிவைப்பது, முடித்த படத்தை அதில் இருப்பவரிடமே காட்டி 'இது நீங்கதானா?' என்று கேட்பது: இவ்வளவுதான் நாம் செய்யக்கூடியது. இரைச்சல் மிச்சமிருந்தால் இருக்கட்டும். அந்த வீட்டில் வெளிச்சம் குறைவு என்பதும் படம் சொல்ல வேண்டிய செய்திதான்.