வேனிலும் குறிஞ்சியும்

கோடை பிறந்ததும் மலைக்குச் செல்லுதல் நம் இல்லங்களிலும் வழக்கமாகி வருகின்றது. தேர்வு முடியுமுன்பே உதகையா, கோடைக்கானலா, ஏற்காடா என்னும் பேச்சு எழுகின்றது. இவ்வழக்கத்திற்குக் குறிஞ்சித் திணையைச் சான்று காட்டி, மலையின்பம் தமிழர்தம் தொன்மரபு என்று மேடையில் முழங்குவோரும் உளர். நூல்களை ஊன்றி நோக்குவோர் இக்கூற்றினை ஏற்றல் அரிது.

தொல்காப்பியர் குறிஞ்சிக்கு வகுத்த பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம். நம் புலவர் கண்ட மலை, குளிர்காலத்து நள்ளிரவில் தலைவன் இடர்ப்பட்டு வரும் மலை. வேனிலும் நண்பகலும் பாலைக்கு உரியன. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் இயல்பு திரிந்து பாலையாகும் என்பார் இளங்கோவடிகள். கோடை மலையையும் விட்டுவைப்பதில்லை என்பதன்றோ இதன் பொருள்? வேனிற்காலத்தில் அகப்பாடல் தலைவன் குளிர் தேடி மலையேறுவதில்லை. பொருள் தேடித் தலைவியைப் பிரிந்து வறண்ட காடு கடக்கின்றான்.

மலைப்பயணத்தையே பாடுபொருளாகக் கொண்ட பழம்பாட்டு ஒன்று நம்மிடம் உண்டு. பத்துப்பாட்டின் இறுதியில் நிற்கும் மலைபடுகடாம் அது. செங்கண்மா நகரத்து நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தர்க்கு வழி கூறுகின்றார் பெருங்கௌசிகனார். பன்றிக்கென அமைத்த பொறிகள் எங்கே, பாம்பு உறையும் குழிகள் எங்கே, புனங்காப்போர் எறியும் கவண்கல்லுக்குத் தப்புவது எவ்வாறு என்றெல்லாம் அவர் விரித்துரைக்கும் அக்கறை நம் நெஞ்சைத் தொடுகின்றது. மலையை அவர் காட்சியாக மட்டும் காட்டவில்லை. அதன் ஒலிகளை ஒவ்வொன்றாகக் கேட்கச் செய்கின்றார். அங்கு வாழ்வோர் வழிப்போக்கர்க்குச் சோறிடுகின்றனர். ஏறிச் செல்வோரோ வறியர். பசி அவரைச் செலுத்துகின்றது. அந்தச் செங்கண்மா, இன்றைய செங்கம், பழைய வட ஆர்க்காட்டு மண்ணில் உள்ளது. நம் முன்னோர் பலர் புறப்பட்ட மண்ணும் அதுவே.

மலையை ஓய்விடமாக்கியோர் ஆங்கிலேயர். கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரி ஏறினார். பின்னாளில் சென்னை அரசாங்கமே கோடைதோறும் உதகைக்குப் பெயர்ந்தது. மலை இரயில் 1899இல் குன்னூரையும் 1908இல் உதகையையும் எட்டியது. நம்மவரும் அவ்வழியே ஏறினர். நம் தொடர்கதைகளின் காதலரும் உடன் ஏறினர். அக்கதைகளில் ஏரியும் பனியும் இருக்கும். அம்மலைக்குரிய மனிதரைக் காண்பது அரிது.

இக்குறையை ஈடு செய்தவை சில. இராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித் தேன்’ படகர் வாழ்வை உள்நின்று கூறுவது. குறிஞ்சி பூக்கும் பன்னீராண்டுச் சுற்றே அங்குக் காலக்கணக்கு. மருத்துவர் பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளிவந்த நாவலை, இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழாக்கினார். ஆனைமலைத் தேயிலைத் தோட்டத்தில் கருப்பனும் வள்ளியும் படும் பாட்டைப் படித்தபின், பனியை வெறும் அழகாகக் காண நம்மால் இயலவில்லை.

தங்கவயலாராகிய நமக்கு இப்பொருளில் தனித்த ஒரு பார்வை உண்டு எனலாம். உதகை கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். சாம்பியன் ரீஃப் சுரங்கமோ தரையிலிருந்து சுமார் 3,200 மீட்டர் ஆழம். மலையில் ஏற ஏறக் குளிர். சுரங்கத்தில் இறங்க இறங்க வெம்மை. அடியில் பாறையின் சூடு 65 பாகையளவை எட்டியது. தட்பம் கருதி வெள்ளையர் ‘சின்ன இங்கிலாந்து’ எனப் போற்றிய இவ்வூரின் கீழ்த்தான் அந்தப் பாலை கிடந்தது.

நம் லைன் வீட்டார் கோடை விடுமுறையில் சென்றதும் மலைக்கன்று. மாரிக்குப்பத்தில் வண்டியேறி, பங்காருப்பேட்டையில் மாறி, மேட்டு நிலத்துக் குளிர்ச்சியை விட்டு வேலூர்ப் பக்கத்து வெயிலுக்கு இறங்கினர். வைகாசி முதல்நாள் குடியாத்தம் கங்கையம்மன் சிரசுத் திருவிழா பலரை அழைத்தது. ஊர் அவர்க்கு இனிமையே நிறைந்த இடமன்று; சாதிக் கொடுமைக்குத் தப்பி வெளியேறியோரே அவருள் மிகுதி. ஆயினும் அங்கே ஒரு பாட்டி காத்திருந்தாள். சங்கத் தலைவன் கார்காலத்தில் மீள்வான். நம்மவர் பள்ளி விடுமுறையை நோக்கி வேனிலில் மீண்டனர். பொழுது பாலைக்குரியது, உரிப்பொருள் முல்லையின் இருத்தல். இதனைத் திணைமயக்கம் என்னாமல் வேறென்ன என்பது? நம் எழுத்தாளர் கைக்கொள்ளத்தக்க பொருள் இது. உதகை ஏரிப்படகைக் காட்டிலும் நமக்கு நெருக்கமானது.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் பிரிவு ஆண்டுக்கொருமுறை நேர்வதாக இல்லை, நாள்தோறும் நேர்வதாயிற்று. பெங்களூர் நோக்கிக் காலை வண்டியில் ஆயிரக்கணக்கானோர் செல்கின்றனர். அவர் திரும்புவது பொழுது சாய்ந்தபின். அதுவரை வீட்டார் வாயிலை நோக்கியிருக்கின்றனர். முல்லைக்குத் தொல்காப்பியர் வகுத்த சிறுபொழுதும் மாலையே.