கீலின் ஆட்டம்

பைப்பர் ஜே-3 கப் விமானத்தின் மஞ்சள் நிறத்தைப் புகழாதவர் இல்லை. எனக்கு அதன் வால் பக்கம்தான் பிடிக்கும். பென்சில்வேனியாவின் லாக் ஹேவனில் 1938 முதல் 1947 வரை ஏறத்தாழ 20,000 கப்கள் உருவாயின. இன்றும் பறப்பவற்றில் சுக்கானையும் எலிவேட்டரையும் தாங்கி நிற்பவை சிறு கீல்கள்: எஃகுக் குழாய், உள்ளே புஷ் எனும் உறை, நடுவே ஒரு பின்.

புல்தரைத் தூசி எண்ணெயோடு கலந்தால் அரைக்கும் பசை. ஆண்டுக்கணக்கில் அது பின்னைத் தேய்த்துப் படி விழச் செய்கிறது. வட்டத் துளை முட்டை வடிவமாகிறது. நல்ல மெக்கானிக் எலிவேட்டரின் ஓரத்தைப் பிடித்து மெல்ல அசைப்பார். கீல் தேய்ந்திருந்தால் 'டக்'கென்ற ஆட்டம் கையிலேயே தெரிந்துவிடும். அந்த ஆட்டத்தை அலட்சியப்படுத்தினால், வேகத்தில் அந்தக் கட்டுப்பாட்டுப் பரப்பு படபடத்து வாலையே பிய்த்துவிடக்கூடும்.

பின் மாற்றுவது எளிது. புஷ் மாற்றுவதில்தான் கைத்திறன் இருக்கிறது. பழையதை வெளியேற்றி, புதியதை அழுத்திப் பொருத்தி, ரீமரால் மயிரிழை மயிரிழையாகத் துளையைச் சரிசெய்ய வேண்டும். எல்லாக் கீல்களும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். ஒன்று விலகினாலும் பரப்பு இறுகும், புதுப் புஷ்ஷும் சீக்கிரம் தேயும். குழாயே மெலிந்திருந்தால் வாலைப் போர்த்திய துணியை உரித்து வெல்டிங்தான்.

பழைய கப் ஒன்றைப் பார்க்க வாய்த்தால், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு அதன் வால் கீல்களையும் பாருங்கள்.