அலுமாரிக்கு அப்பால்: நார்னியாக் கதைகளும் வாசகர் எதிர்வினையும்

சிறுவர் இலக்கியத்தைத் திறனாய்வாளர் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்தியவிடத்தும், ஆசிரியர் குழந்தைக்கு எதனைப் போதிக்க முயன்றார் என்ற வினாவே பெரிதும் எழுப்பப்பட்டது. குழந்தை அதனுள் எதனைக் கண்டது என்ற வினா அரிதாகவே எழுந்தது. சி. எஸ். லூயிஸ் 1950இல் வெளியிட்ட 'சிங்கமும் சூனியக்காரியும் அலுமாரியும்' என்னும் நாவலைப் பொறுத்தவரை இவ்விரண்டாவது வினாவைத் தவிர்த்தல் இயலாது. ஏனெனில், சிறு பிராயத்தில் அந்நூலை நேசித்த பலர் வளர்ந்த பின்னர் அதன் ஆசிரியர் மீது குற்றஞ்சாட்டியுள்ளனர். தாம் ஏமாற்றப்பட்டோம் என்பதே அக்குற்றச்சாட்டின் சாரம். நூலை விரும்பாத ஒருவர் கூறும் குறையன்று இது. நேசித்தவரின் முறைப்பாடு, ஆதலாற் கூடிய கவனத்துடன் கேட்கப்பட வேண்டியது.

கதை எளியது. போர்க்காலத்தில் இலண்டன் மீதான விமானத் தாக்குதல்களுக்கு அஞ்சி நாட்டுப்புறத்துக்கு அனுப்பப்பட்ட நான்கு சகோதரர், முதிய பேராசிரியர் ஒருவரின் வீட்டிலுள்ள அலுமாரியினூடாக நார்னியா என்னும் வேற்றுலகினுட் புகுகின்றனர். அங்கு வெண்சூனியக்காரியின் ஆட்சியில் முடிவற்ற குளிர்காலம் நிலவுகிறது. நால்வருள் ஒருவனான எட்மன்ட், அவள் தந்த இனிப்புக்கு ஆசைப்பட்டு உடன்பிறந்தாரைக் காட்டிக்கொடுக்கத் துணிகிறான். அவனுக்குப் பதிலாக அஸ்லான் என்னும் சிங்கம் கல்மேடையொன்றில் தன்னைப் பலியிட்டு, விடியலில் மீண்டும் உயிர்பெறுகிறது.

எட்மன்டின் வீழ்ச்சிக்குக் காரணமான 'ரேர்க்கிஷ் டிலைற்' என்னும் அவ்வினிப்பைப் பிற்கால வாசகர் பலர் ஏளனத்துடன் நோக்குவதுண்டு. இவ்வளவு அற்பமான பொருளுக்காகவா ஒருவன் துரோகியாவான் என்பது அவர்தம் ஐயம். ஆனால் பிரித்தானியாவில் இனிப்புப் பண்டங்களுக்கான பங்கீடு 1953 பெப்ரவரி வரை நீடித்தது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். 1950இல் இந்நூலைக் கையிலெடுத்த ஆங்கிலக் குழந்தை, பங்கீட்டு அட்டைக்கு உட்பட்டே இனிப்புண்ட குழந்தை. அதற்கு ஒரு பெட்டி நிறைந்த இனிப்பு அற்பப் பொருளன்று. எட்மன்டின் குற்றம் அந்நியனொருவனின் குற்றமுமன்று. பெற்றோரைப் பிரிந்து அறியாத வீட்டில் உறங்கும் அனுபவமும் அத்தலைமுறையினர் பலருக்குப் புதிதன்று. 1939இல் இடம்பெயர்க்கப்பட்ட சிறுவர் சிலர் லூயிசின் இல்லத்திலேயே தங்கியிருந்தனர். முதல் வாசகருக்கு மாயம் அலுமாரியின் மறுபக்கத்தில் மட்டுமே இருந்தது. இப்பக்கத்தில் இருந்தது அவர்தம் சொந்த வாழ்வு.

இனி, ஏமாற்றம் பற்றிய முறைப்பாட்டுக்கு வரலாம். அஸ்லானின் மரணமும் உயிர்த்தெழுதலும் கிறித்துவின் பாடுகளைத் தழுவியவை என்பது கிறித்தவ மரபறிந்த வளர்ந்தவருக்கு உடனே புலனாகும். லூயிசும் தம் நோக்கை மறைத்தாரல்லர். குடையும் பொதிகளும் தாங்கிப் பனிவனத்தில் நடக்கும் ஆட்டுக்கால் உயிரியொன்றின் தோற்றமே முதலில் மனத்தில் எழுந்ததாகவும், சமயப் பொருள் பின்னரே தானாக வந்து புகுந்ததாகவும் அவர் எழுதியுள்ளார். எனினும், கட்டாயப் பயபக்தியால் உணர்ச்சி உறைந்துவிடும் இடத்தில், அக்காவலைக் கடந்து செல்லத் தேவதைக் கதைக்கு ஆற்றலுண்டு என்றும் 1956இல் அவர் கூறினார். இதனை உருவகக் கதை என்று கொள்வதை அவர் ஏற்கவில்லை. நார்னியா போன்றதோர் உலகில் இறைமகன் தோன்றினால் என்ன நிகழும் என்ற எடுகோளே இது என்றார். இவ்வேறுபாடு நுட்பமானது. ஆயினும் பன்னிரண்டு வயதில் உண்மையறிந்து நூலை மூடிவைக்கும் சிறுமிக்கு அது ஆறுதல் தருமா என்பது ஐயமே.

அத்தகைய வாசகியொருவரின் சாட்சியம் அமெரிக்க விமர்சகர் லோறா மில்லர் 2008இல் வெளியிட்ட 'மந்திரவாதியின் நூல்' ஆகும். கத்தோலிக்கராக வளர்க்கப்பட்ட அவர், தேவாலயத்தின் சலிப்பிலிருந்து விடுதலை தந்த நாடாகவே நார்னியாவைக் கண்டார். தப்பியோடி வந்து சேர்ந்த இடமும் அதே தேவாலயமே என்று பின்னர் அறிந்தபோது அவர் அடைந்த கசப்பு விளங்கிக்கொள்ளத்தக்கது. இதற்கு நேர்மாறான சாட்சியமும் உண்டு. இயேசுவைவிட அஸ்லானை அதிகம் நேசித்துவிடுகிறேனோ என அஞ்சிய ஒன்பது வயதுச் சிறுவனொருவனின் தாய் 1955இல் லூயிசுக்கு எழுதினார். அஸ்லானின் எச்செயல்களுக்காகச் சிறுவன் அவரை நேசிக்கிறானோ அவை இயேசுவின் செயல்களே. எனவே அச்சம் வேண்டாம் என்பது லூயிசின் மறுமொழியின் கருத்து. பரிவு மிக்க கடிதம் அது. ஆயினும் சிறுவனின் அச்சத்தில் அவன் ஆசிரியர் ஒப்புக்கொள்ளாத இலக்கிய உண்மையொன்று இருந்தது. மென்மயிர்ப் பிடரியும் வெதுவெதுப்பான மூச்சும் உடைய சிங்கத்தை நேசித்தல் வேறு; கோட்பாட்டை நேசித்தல் வேறு.

தமிழ் மாணவருக்கு இங்கு உள்ளுறை உவமம் நினைவுக்கு வரக்கூடும். உள்ளுறையில் மறைபொருளை உணர்பவர் மரபறிந்தவர். கூறுவோருக்கும் கேட்போருக்கும் அம்மரபு பொதுவானது. ஆதலால் அங்கு ஏமாற்றம் என்ற பேச்சுக்கே இடமில்லை. லூயிசோ மரபறிந்தும் அதனை இங்கு அடையாளங்காண இயலாத குழந்தையை நோக்கிப் பேசுகிறார். குற்றச்சாட்டின் வலிமை இதிலேயே உள்ளது.

ஆனால் நூலை ஊன்றி வாசிப்போர் மற்றொன்றையும் காண்பர். அஸ்லானின் உடலைப் பிணித்த கயிறுகளை இரவு முடியுமுன் சிறு எலிகள் வந்து கொறித்து அறுக்கின்றன. உயிர்பெற்ற சிங்கம் முதற் காரியமாகச் சிறுமியர் இருவருடனும் புல்வெளியில் ஓடிப்பிடித்து உருண்டு விளையாடுகிறது. சிறுமியர் உடலருகே விழித்திருப்பதற்கு நற்செய்திகளில் இணையுண்டு. எலிகளுக்கும் விளையாட்டுக்கும் இல்லை. குழந்தைகளின் நினைவில் ஆழப் பதிவனவற்றுள் இவை முதன்மையானவை என்று கருத இடமுண்டு. மறைபொருளை அறியாது வாசித்த குழந்தை தவறாக வாசிக்கவில்லை. ஆசிரியரின் திட்டத்துக்கு அடங்காத பகுதியை வாசித்தது. மில்லர் பின்னர் நார்னியாவுக்கு மீண்டமைக்கும் இத்தகைய பகுதிகளே துணைநின்றன எனலாம்.

வாசகர் எதிர்வினை நூலின் வடிவத்தையே மாற்றிய விநோதமும் நிகழ்ந்துள்ளது. ஏழு கதைகளையும் வெளிவந்த ஒழுங்கில் வாசிப்பதா, கதைக்கால ஒழுங்கில் வாசிப்பதா என்று தாயுடன் வாதிட்ட சிறுவனொருவனுக்கு 1957இல் விடையளித்த லூயிஸ், கதைக்கால ஒழுங்கை விரும்பிய சிறுவன் பக்கம் சாய்ந்தார்; ஒழுங்கு பெரிதும் முக்கியமன்று என்றும் சேர்த்துக்கொண்டார். 1994இல் பதிப்பாளர் அச்சிறுவனின் ஒழுங்கையே ஏற்றனர். விளைவு நன்றன்று. அஸ்லானின் பெயர் முதன்முதல் ஒலிக்கும்போது, அது யாரென்று கதைச் சிறுவரைப் போலவே வாசகருக்கும் தெரியாது என்கிறார் கதைசொல்பவர். நார்னியாவின் படைப்பைக் கூறும் கதையை முன்னரே வாசித்துவிட்ட குழந்தைக்கு அவ்விடம் பொருளற்றுப் போகிறது.

கடுமையான எதிர்வினைகள் எழுத்தாளரிடமிருந்தே வந்தன. நண்பரான ரொல்கின் இந்நூலை விரும்பவில்லை. பிலிப் புல்மன், லூயிசின் நூற்றாண்டான 1998இல் நார்னியாவை வெளிப்படையாகச் சாடினார். எனினும், அவரது 'வடக்கு ஒளிகள்' (1995) நாவலின் தொடக்கத்தில் ஒக்ஸ்போர்ட் கல்லூரியொன்றின் அலுமாரிக்குள்ளேயே சிறுமி லைறா ஒளிந்துகொள்கிறாள். வெறுப்பும் ஒருவகைக் கடன்பாடே போலும். 'குதிரையும் அதன் சிறுவனும்' (1954) கதையில் கலோர்மென் நாட்டினர் கருநிறத்தவராகவும் தலைப்பாகையும் வளைவாளும் கொண்ட கொடியோராகவும் காட்டப்படுவதையும் பலர் கண்டித்துள்ளனர். அந்நாட்டினளான அறாவிஸ், 'இறுதிப் போர்' கதையில் அஸ்லானால் ஏற்கப்படும் எமெத் ஆகியோரைக் காட்டி விடைகூறுவாருண்டு. விதிவிலக்கை நல்லவராக்குவது விதியை மாற்றிவிடாது.

சூசன் பற்றிய வழக்கு இவையனைத்திலும் வேதனை மிக்கது. 'இறுதிப் போர்' (1956) கதையில் நைலோன் காலுறையிலும் உதட்டுச் சாயத்திலும் விருந்தழைப்பிலும் நாட்டங்கொண்ட சூசன் நார்னியாவை மறந்தவளாகப் பேசப்படுகிறாள். பாலுணர்வின் மலர்ச்சி இங்கு தண்டிக்கப்படுவதாகப் புல்மன் கொண்டார். இக்கூற்று முழுமையாகப் பொருந்தாது. 'குதிரையும் அதன் சிறுவனும்' கதையில் சூசன் இளவரசனொருவனின் மணவேண்டுகோளை எண்ணிப் பார்க்கும் அரசி. அதற்காக எவரும் அவளைப் பழிக்கவில்லை. மேலும் அவளைக் குறைகூறுவோர் உடன் நிற்கும் பாத்திரங்களேயன்றி அஸ்லானல்ல. ஆயினும் பெண் வாசகரின் கோபத்தை இவ்வாதங்களால் தணித்துவிட முடியாது. புகையிரத விபத்தொன்றிற் சகோதரர் இருவரும் தங்கையும் பெற்றோரும் ஒருங்கே மாண்டுவிட, சூசன் மட்டும் இங்கிலாந்தில் எஞ்சுகிறாள். அவளுடைய துயருக்கு ஆசிரியர் ஒரு வரியேனும் ஒதுக்கவில்லை. மாண்டவர் மகிழ்ச்சியுடன் மேலே செல்கின்றனர். கதையும் அவர்களுடன் சென்றுவிடுகிறது.

இக்குறையை லூயிஸ் உணர்ந்திருந்தார் என்பதற்கு 1957இல் அவர் எழுதிய கடிதமொன்று சான்று. சூசன் உயிரோடிருக்கிறாள், திருந்தக் காலமுண்டு, தன் வழியில் ஒருநாள் அவளும் அஸ்லானின் நாட்டை அடையக்கூடும் என்பது அதன் கருத்து. நூலில் எழுதியிருக்க வேண்டியதைக் குழந்தையொன்றுக்கான கடிதத்தில் எழுதினார். அவர் விட்ட இடத்தை 2004இல் நீல் கெய்மன் 'சூசனின் சிக்கல்' என்ற சிறுகதையால் நிரப்ப முயன்றார். சூசனை நினைவூட்டும் முதிய பேராசிரியை ஒருவர், விபத்துக்குப் பின் தம் குடும்பத்தாரின் உடல்களை அடையாளங்காட்ட நேர்ந்ததை இளம் பத்திரிகையாளர் ஒருத்தியிடம் கூறுகிறார். அக்கதையின் பிற்பகுதி வேண்டாத அளவுக்குக் கொடூரமானது. ஆனால் அடையாளங்காட்டும் பகுதியை வாசித்தவர் 'இறுதிப் போர்' கதையின் கடைசிப் பக்கங்களை மீண்டும் பழைய மகிழ்ச்சியுடன் வாசித்தல் அரிது.