தொந்தியும் ஊசியும்

நம் கதைகளில் தொந்தி உள்ளவன் நல்லவனாக வருவது அபூர்வம். வட்டிக்குக் கொடுப்பவனுக்குத் தொந்தி, மிராசுதாருக்குத் தொந்தி, சினிமாவில் அடி வாங்கிச் சிரிக்க வைப்பவனுக்கும் தொந்தி. பேராசையை வயிற்றில் காட்டிவிட்டால் மனசைக் காட்டும் சிரமம் மிச்சம். சோம்பேறி எழுத்து.

அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசலில் பேச்சு வேறு. அங்கே "பூசினாப்பல இருக்கே" என்றால் புகழ்ச்சி. "இளைச்சுட்டியே" என்றால் விசாரம். மழை பொய்த்த வருஷங்களைக் கண்ட வானம் பார்த்த பூமியில் சதை ஒரு சேமிப்பு.

அந்தச் சேமிப்பைக் கரைக்க இப்போது வாரம் ஒரு ஊசி வந்திருக்கிறது. அதன் பூர்வகதையும் ஒரு வறண்ட நாட்டுக் கதைதான். அமெரிக்கப் பாலைவனத்தில் கீலா என்றொரு பெரிய பல்லி, நம் உடும்புக்குத் தூரத்து உறவு. வாலில் கொழுப்பைச் சேர்த்து வைத்துக்கொண்டு, வருஷத்தில் சில வேளை மட்டும் உண்டு பிழைக்கும். அதன் விஷத்தில் 1992-ல் டாக்டர் ஜான் எங் கண்டுபிடித்த பெப்டைடிலிருந்து 2005-ல் நீரிழிவு மருந்து ஒன்று வந்தது. இன்றைய செமாகுளூடைடு பல்லியிடம் கடன் வாங்கியதல்ல. நம் குடலே சுரக்கும் ஜிஎல்பி-1-ஐ ஒத்தது. இரைப்பையை நிதானப்படுத்தி, மூளைக்குப் 'போதும்' என்று சொல்லும். 2021-ல் வெளியான ஆய்வில் 68 வாரத்தில் சராசரி 15 சதவீத எடை குறைந்தது. 2023 ஆய்வில், இருதய நோயுள்ள பருத்த சரீரிகளுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 20 சதவீதம் குறைந்தன. பெருந்தீனி குணக்கேடு என்று தீர்ப்பெழுதிய கதாசிரியர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஊசியைப் புகழ்கிறவர்களும் அதே ஒற்றைவரி எழுத்தாளர்கள்தான். குமட்டல், வாந்தி, மலச்சிக்கல்; சிலருக்குப் பித்தப்பைக் கல்; அரிதாகக் கணைய வீக்கம். கரைவதில் ஒரு பங்கு தசை. மெடுல்லரி வகைத் தைராய்டு புற்று கண்ட குடும்பத்தார் இதைத் தொடக் கூடாது. ஊசியை நிறுத்தியவர்களுக்கு, போன எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருஷத்தில் திரும்பிவிட்டது. இதே குடும்பத்து மௌன்ஜாரோ 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது, மிகச் சிறிய அளவுக் குப்பியே 3,500 ரூபாய். மாதம் நான்கு குப்பி. அந்த வருஷம் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்குக் கூலி தினம் 336 ரூபாய். ஒரு மாத ஊசிக்கு நாற்பத்திரண்டு நாள் மண் சுமக்க வேண்டும்.

விலை இறங்க இறங்க, நோய் ஒன்றுமில்லாமல், கல்யாணத்துக்கு முன் ஐந்து கிலோ குறைக்க ஆசைப்படும் பெண்ணின் கைக்கும் இது வரும். கம்பங்கூழும் போதாத நாளைப் பார்த்த அவள் பாட்டி, தட்டில் பாதிச் சோறு மிஞ்சுவதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அந்த இருவரையும் வைத்து ஒரு கதை படிக்கக் காத்திருக்கிறேன்; தொந்திக்காரன் இல்லாமல் வந்தால் மிகவும் சந்தோஷம்.