பிரேசில் லீக் 2023: ஒரு சரிவைப் பார்ப்பது எப்படி?

உலகக் கோப்பை மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கு லீக் கால்பந்து இழுவையாகத் தோன்றும். பிரேசிலில் 20 அணிகள், அணிக்கு 38 ஆட்டங்கள், இறுதிப்போட்டியே கிடையாது. அந்த நீளம்தான் இதன் ருசி. நம்பாதவர்கள் 2023 பருவத்தைப் பாருங்கள்.

புள்ளிப் பட்டியலில் யார் முதலிடம் என்பதைவிட, அடுத்த அணி எவ்வளவு பின்னால் இருக்கிறது என்பதையே கவனியுங்கள். வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1. அந்த ஆண்டு ரியோவின் பொட்டாஃபோகோ, பாதித் தூரத்திலேயே 47 புள்ளி எடுத்திருந்தது. இடைவெளி ஒரு கட்டத்தில் 13-ஐத் தொட்டது. பிரேசிலின் புகழ்பெற்ற வீரர் காரிஞ்சா ஆடிய கிளப் அது. 1995-க்குப் பிறகு அதுவரை லீக்கை வென்றதில்லை. நடுவில் பயிற்சியாளர் லூயிஸ் காஸ்ட்ரோ சவூதிக்குப் போனபோதுகூட அணி ஆட்டம் காணவில்லை.

இனி நவம்பர் 1-ஆம் தேதி ஆட்டத்துக்கு வாருங்கள். எதிரணி பல்மெய்ராஸ். கோல்களை மட்டும் வெட்டி ஒட்டிய வீடியோ வேண்டாம், முழுதாகப் பாருங்கள். இடைவேளையில் பொட்டாஃபோகோ 3-0. பிறகு பல்மெய்ராஸின் 17 வயது எண்ட்ரிக் ஒரு கோல் போடுகிறார். பொட்டாஃபோகோவின் அட்ரியெல்சன் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறுகிறார். அப்போதும் 3-1 தான். பொட்டாஃபோகோவுக்குப் பெனால்டி வேறு கிடைக்கிறது. டிக்கின்யோ சோரெஸ் உதைத்ததை பல்மெய்ராஸ் கோல்காப்பாளர் வெவெர்ட்டன் தடுத்துவிடுகிறார். சற்று நேரத்தில் எண்ட்ரிக்கின் இரண்டாவது கோல். அந்தச் சில நிமிடங்களைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்; ஒரு பருவமே அங்கே புரள்கிறது. சமன் கோலும் விழுந்த பிறகு, கூடுதல் நேரத்தில் பல்மெய்ராஸின் முரீலோ அடிக்க, 3-4.

அடுத்த வாரம் கிரேமியோவுக்கு எதிராக பொட்டாஃபோகோ 3-1 என முன்னிலை. கிரேமியோவின் லூயிஸ் சுவாரெஸ் மூன்று கோல் போட்டு மறுபடி 3-4 ஆக்கினார். கொரிட்டிபாவுக்கு எதிராகக் கடைசி நேர பெனால்டியில் முந்தியவர்கள், மூச்சு விடுவதற்குள் சமன் கோல் வாங்கினார்கள். கடைசி 11 ஆட்டங்களில் ஒரு வெற்றிகூட இல்லை. இறுதியில் 64 புள்ளியோடு ஐந்தாம் இடம். பல்மெய்ராஸ் 70 புள்ளியில் சாம்பியன்.

பட்டியலின் அடிப்பகுதியையும் விடாதீர்கள். கடைசி நான்கு அணிகள் இரண்டாம் பிரிவுக்கு இறங்கும். அங்கே தத்தளித்தது பெலேயின் சான்டோஸ். அவர் மறைந்து ஓராண்டுகூட ஆகவில்லை. டிசம்பர் 6, எல்லா ஆட்டங்களும் ஒரே நேரத்தில் நடக்கும் கடைசிச் சுற்று. சான்டோஸ் வென்றால் தப்பலாம். ஃபோர்டலேசாவிடம் சொந்த மைதானத்தில் 1-2 தோல்வி; பாஹியாவும் வாஸ்கோவும் வென்று மேலே ஏறிவிட்டன. சான்டோஸ் வரலாற்றில் முதல் இறக்கம் அது. இந்தச் சுற்றை மற்ற மைதானங்களின் ஸ்கோரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். பதற்றம் அப்போதுதான் புரியும்.

இதையெல்லாம் பார்த்த பிறகே 2024-க்குப் போங்கள். அந்த ஆண்டு லீக்கையும் தென் அமெரிக்க கிளப்களுக்கான லிபர்டடோரஸ் கோப்பையையும் வென்றது பொட்டாஃபோகோ.