பட்டன் டயர் யாருக்கு?

தார்ச்சாலையிலும் மண்பாதையிலும் ஒரே வண்டியில் போகும் வசதியை மாதச் சம்பளக்காரர்களுக்கு எட்டும் விலையில் கொண்டுவந்த பைக்குகள் இரண்டு: 2016இல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், 2019இல் வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200. அவற்றுக்கு முன்னோடியாக 2011இல் ஹீரோ வெளியிட்ட இம்பல்ஸ் போதிய ஆதரவின்றி நின்றுபோனது. ஹிமாலயன், எக்ஸ்பல்ஸ் இரண்டில் விலை குறைந்தது எக்ஸ்பல்ஸ். சுமார் 155 கிலோ எடை, 18 முதல் 19 குதிரைத்திறன், முன்னால் 21 அங்குலமும் பின்னால் 18 அங்குலமும் கொண்ட ஸ்போக் சக்கரங்கள், உள்ளே ட்யூப். டூயல் ஸ்போர்ட் என்று அழைக்கப்படும் இந்த வகை வண்டிக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது.

இந்த வண்டிகளோடு தொழிற்சாலையிலிருந்து வரும் சியட் கிரிப் எக்ஸ்எல் டயர் தேய்ந்ததும் அடுத்து எதைப் போடுவது என்ற கேள்வி எழுகிறது. ஆர்வலர்களில் பெரும்பாலோர் சென்று சேரும் விடை பட்டன் டயர். தனித்தனிக் கட்டைகளாக ரப்பர் துருத்தி நிற்கும், கட்டைகளுக்கு நடுவே அகலமான பள்ளம் விட்ட டயர் அது. பலர் முதல் டயர் தேயும்வரைகூடக் காத்திருப்பதில்லை. ஷோரூமிலிருந்து வண்டி வந்த சில மாதங்களிலேயே மாற்றிவிடுகிறார்கள். இந்த வழக்கத்தில் நியாயம் உண்டு, ஆபத்தும் உண்டு. இரண்டையும் நேர்மையாக எடைபோட வேண்டும்.

வழக்கத்தின் நியாயம்

கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசல் மண்ணில் ஒரு மழைக்குப் பிறகு வண்டி ஓட்டிப் பார்த்தவர்களுக்குப் பட்டன் டயரின் அருமை தெரியும். கரிசல் களிமண் ஈரப்பட்டதும் டயரின் பள்ளங்களில் அப்பிக்கொள்கிறது. பள்ளம் குறுகலாக இருந்தால் சில சுற்றுகளிலேயே டயர் வழுவழுப்பான மண் உருளையாக மாறிவிடும். பிறகு ஆக்ஸிலேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். கட்டைகளுக்கு நடுவே இடைவெளி அகலமாக இருந்தால் சுழலும் வேகத்தில் மண் தெறித்து விழுந்து, கட்டையின் விளிம்பு அடுத்த பிடியைப் பற்றிக்கொள்ளும்.

திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காட்டை ஒட்டிய மணல் பாதையில் நிலைமை வேறு. அங்கே முன்சக்கரம் மணலை உழுதுகொண்டு தன்போக்கில் திரும்பப் பார்க்கும். பக்கவாட்டில் கட்டைகள் உள்ள முன்டயர் அந்தத் திருகலை அடக்கி, ஹேண்டில் சொல்கிற திசையில் வண்டியை வைத்திருக்கும். ஜல்லி பரப்பி இன்னும் தார் ஊற்றாத சாலையில் பிரேக் பிடிக்கும்போதும் இதே நன்மை கிடைக்கிறது. ஆகவே மண்ணில் பட்டன் டயர் தருவது வெறும் தோற்றமில்லை. அது அளந்து சொல்லக்கூடிய பிடிமானம், விழாமல் இருப்பதற்கான நம்பிக்கை.

எக்ஸ்பல்ஸுக்கு இன்னொரு சாதகமும் உண்டு. காட்டுப்பாதையில் ஓடும் எண்டூரோ பந்தய பைக்குகளின் பின்சக்கரம் உலகெங்கும் பெரும்பாலும் 18 அங்குலம்தான். ஹிமாலயனின் பின்சக்கரம் 17 அங்குலம். அதனால் உண்மையான மண்டயர்களில் எக்ஸ்பல்ஸ்காரருக்குத் தேர்வு அதிகம். 2020இல் ஹீரோ தானே விற்ற ரேலி கிட் என்னும் பாகத் தொகுப்பில் மாக்சிஸ் பட்டன் டயர்களும் இருந்தன. வண்டியைச் செய்த நிறுவனமே காட்டிய வழி என்பதால் வழக்கத்துக்கு மேலும் வலுச் சேர்ந்தது.

தாரில் கணக்கு மாறுகிறது

ஆனால் இந்த வண்டிகள் எங்கே ஓடுகின்றன? வாரநாட்களில் அலுவலகத்துக்கு, விடுமுறையில் மலைக்கு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் தார்ச்சாலைதான், வால்பாறையின் 40 வளைவுகளும் தார்ச்சாலைதான். மண்பாதை வருவது பெரும்பாலும் பயணத்தின் கடைசிச் சில கிலோமீட்டரில். அந்தக் கடைசித் துண்டுக்காக வாங்கிய டயர் மிச்சப் பயணம் முழுவதும் தாரில் உருள்கிறது.

தாரில் பிடிமானம் கிடைப்பது ரப்பர் எவ்வளவு பரப்பில் சாலையைத் தொடுகிறது என்பதையும், அந்த ரப்பரின் கலவையையும் பொறுத்தது. பட்டன் டயரில் பள்ளத்தின் பங்கு கூடுதல் என்பதால் தொடும் பரப்பு குறைவு. வளைவில் சாயும்போது உயரமான கட்டைகள் தம் அடியிலிருந்து வளைந்து கொடுக்கின்றன. ஓட்டுகிறவருக்கு வண்டி நெளிவது போன்ற உணர்வு வருவது இதனால்தான். மழையில் வால்பாறைச் சாலையில் இறங்கும்போது, வெள்ளைக் கோட்டின் மீதோ பாசி படிந்த ஓரத்திலோ பிரேக்கைத் தொட்டால், சேற்றில் வண்டியைக் காத்த அதே டயர் காலை வாரிவிடக்கூடும். சேற்றில் நல்லதென்றால் ஈரத்திலும் நல்லதாகத்தான் இருக்கும் என்று நம்புவது இந்த வழக்கத்தின் மிக ஆபத்தான பிழை. சேற்றில் வேலை செய்வது கட்டையின் விளிம்பு. ஈரத்தாரில் வேலை செய்வது ரப்பரின் கலவை.

தேய்மானம் இரண்டாவது குறை. சித்திரை வெயிலில் சூடேறிய தாரில் நெடுஞ்சாலை வேகத்தில் ஓடினால் பின்டயரின் நடுக்கட்டைகள் விரைவாகத் தட்டையாகிவிடும். முன்டயரின் கட்டைகள் ஒருபக்கம் மட்டும் தேய்ந்து ரம்பப்பல் போலாகி, அதிர்வும் இரைச்சலும் கூடும். இருசக்கர வண்டிக்கு மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்லும் குறைந்தபட்சப் பள்ள ஆழம் 0.8 மில்லிமீட்டர். பட்டன் டயர் அந்த எல்லையைத் தொடுவதற்கு வெகுமுன்பே, கட்டைகள் பாதி தேய்ந்த நிலையிலேயே, மண்ணில் கொடுத்த நன்மையை இழந்துவிடுகிறது. எதற்காகப் பணம் கொடுத்தோமோ அது போய்விடும், தாரில் இருந்த குறை மட்டும் மிஞ்சும். பதினெட்டுக் குதிரைத்திறன் வண்டியில் கனமான டயரைச் சுழற்றவே கொஞ்சம் சக்தி செலவாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மேட்டில் ஏறும்போது அது தெரியும்.

டக்கார் பாலைவனப் பந்தயத்தின் படங்களைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். அந்த பைக்குகளின் டயருக்குள் ட்யூப் இல்லை, மூஸ் எனப்படும் நுரை வளையம் இருக்கிறது. அதில் பஞ்சர் என்ற பேச்சே எழாது. டயர் எவ்வளவு நாள் உழைக்கும் என்ற கவலையும் அவர்களுக்கு நம்மைப் போல இல்லை. 2021ஆம் ஆண்டுப் பந்தயத்தில் ஒரு வீரர் மொத்தமாக 6 பின்டயர்களுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்று வரம்பு விதித்ததே கடும் கட்டுப்பாடாகக் கருதப்பட்டது. இரண்டு வாரப் பந்தயத்துக்கு ஆறு டயர் போதாது என்று பேசும் உலகம் அது. ஒரு ஜோடி டயரில் ஓராண்டாவது ஓட்ட வேண்டிய நம் வீட்டுக் கணக்குக்கு அந்தப் படங்கள் வழிகாட்ட முடியாது.

சதவீதம் என்னும் அளவுகோல்

டயர் விற்பனையில் "எண்பது–இருபது", "ஐம்பது–ஐம்பது" என்ற பேச்சு தவறாமல் வரும். முதல் எண் தார், இரண்டாவது எண் மண். இந்த அளவுகோலின் நிறை, புதிதாக வருகிறவருக்கு டயர்களை ஒரு வரிசையில் நிறுத்திக் காட்டுகிறது என்பது. மென்மையான தார் டயர் ஒரு முனை, பந்தயப் பட்டன் டயர் மறுமுனை என்ற புரிதல் ஒரே நிமிடத்தில் கிடைத்துவிடுகிறது.

குறை என்னவென்றால், இந்த எண்களை எந்தத் தர நிறுவனமும் சோதித்துத் தருவதில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் டயரைச் சந்தையில் எங்கே நிறுத்த விரும்புகிறதோ அங்கே எண்ணை வைக்கிறது. ஒரு நிறுவனத்தின் ஐம்பதும் இன்னொன்றின் ஐம்பதும் ஒன்றல்ல. இன்னும் முக்கியமாக, மண் என்று ஒரே சொல்லில் அடக்கிவிட்ட இடத்தில் கரிசல், செம்மண், மணல், ஜல்லி, பாறை எல்லாம் இருக்கின்றன. சேற்றுக்கு இடைவெளி அகலமான கட்டை வேண்டும். பாறைக்கும் இறுகிய செம்மண்ணுக்கும் நெருக்கமான, மென்மையான கட்டையே நல்லது. மழையைப் பற்றி அந்த எண்கள் வாயே திறப்பதில்லை.

டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பவை இதைவிட நம்பகமானவை. 120/80-18 என்றால் அகலம் 120 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 80 சதவீதம், ரிம் 18 அங்குலம். அடுத்து வரும் 62 என்ற எண் 265 கிலோ தாங்கும் என்பதைக் குறிக்கிறது. எழுத்து வேகத்துக்கானது: எம் என்றால் மணிக்கு 130 கிலோமீட்டர், எஸ் என்றால் 180. எக்ஸ்பல்ஸின் வேகத்துக்கு எம் தாராளம். அதிவேக எழுத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

முன்னும் பின்னும்

பின்டயர் முதலில் தேய்வதால் பட்டன் டயரைப் பின்னால் மட்டும் போட்டு, முன்னால் பழைய டயரையே விட்டுவைப்பது பரவலாக நடக்கிறது. சிக்கனம் என்ற அளவில் இது புரிகிறது. பாதுகாப்பு என்ற அளவில் இது தலைகீழ். பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம், வண்டி சற்று ஆடி நேராகும். முன்சக்கரம் வழுக்கினால் சமாளிக்க நேரமே இருக்காது. பின்னால் கூடிய பிடி வண்டியை வேகமாகத் தள்ளும், முன்னால் தேய்ந்த டயர் அந்த வேகத்தில் திரும்பவும் நிற்கவும் திணறும்.

கையில் இருக்கும் பணம் ஒரு நல்ல டயருக்குத்தான் போதும் என்றால் அது முன்சக்கரத்துக்குப் போக வேண்டும். அனுபவமுள்ள பலர் செய்வதும் இதையே: முன்னால் சற்று மண்சார்பான டயர், பின்னால் தார்சார்பான, நீண்ட நாள் உழைக்கும் டயர். முன்டயர் மெதுவாகத் தேய்வதால் இந்த ஏற்பாடு பணத்துக்கும் நல்லது.

அளவு, ட்யூப், வயது

பெரிய டயர் போட்டால் வண்டி கம்பீரமாகத் தெரியும் என்பதற்காக அளவை மாற்றுவதும் உண்டு. 120/80-18 இடத்தில் 120/90-18 போட்டால் சக்கரத்தின் விட்டம் 24 மில்லிமீட்டர் கூடுகிறது, சுற்றளவு சுமார் 3.7 சதவீதம் கூடுகிறது. அதாவது ஒவ்வொரு கியரும் அவ்வளவு நீண்டுவிடும். ஏற்கெனவே சிறிய இன்ஜினுக்கு இது சுமை. 140 அகலத்துக்குப் போனால் செயினோடும் ஸ்விங் ஆர்மோடும் உரசும் அபாயம் இருக்கிறது. குறுகிய ரிம்மில் பிதுங்கி உட்காரும் அகல டயர் தன் வடிவத்தையும் இழக்கும். முன்னால் மட்டும் சிறு விலக்கு: 90/90-21க்கும் பந்தய அளவான 80/100-21க்கும் விட்ட வேறுபாடு 2 மில்லிமீட்டர்தான். தாங்கும் எடை போதுமா என்று பார்த்துக்கொண்டால் அந்த மாற்றம் சரிப்படும்.

ட்யூப் பற்றி யாரும் பேசுவதில்லை. புது டயருக்குள் பழைய ட்யூபையே திணிப்பது கண்கெட்ட சிக்கனம். நாளடைவில் விரிந்துபோன ட்யூப் புது டயருக்குள் மடிந்து உட்கார்ந்து, அந்த மடிப்பிலேயே கிழியும். ட்யூப் கிழிந்தால் காற்று ஒரேயடியாக இறங்கும், ட்யூப்லெஸ் டயரைப் போல மெல்லக் கசியாது. டயரோடு ட்யூபும், ஸ்போக் முனைகளை மூடும் ரிம் டேப்பும் புதிதாக மாறவேண்டும். மணலுக்காகக் காற்றைக் குறைப்பவர்கள் கல் நிறைந்த பாதையில் அதே காற்றில் ஓட்டினால் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையே ட்யூப் நசுங்கி இரட்டைத் துளை விழும். காற்றைக் குறைக்கத் தெரிந்தவர் பையில் பம்ப்பும் இருக்க வேண்டும். சிற்றூர்ப் பஞ்சர் கடையில் 21 அங்குல ட்யூப் கிடைப்பது அரிது. ஒன்றைக் கையோடு கொண்டுபோனால் அவசரத்துக்குப் பின்சக்கரத்திலும் அதையே வைத்து வீடு சேரலாம்.

மெதுவாக விற்கும் அளவுகள் என்பதால் இந்த டயர்கள் கடையில் நெடுநாள் கிடக்கின்றன. பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் டயர் பிறந்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். தள்ளுபடி என்று சொல்லித் தரப்படும் டயரில் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்தான். நாள்பட்டு இறுகிய ரப்பர் புதிது போலப் பளபளக்கும், ஆனால் ஈரத்தில் பிடிக்காது.

தீர்ப்பு

2020 ஜூனில் புதிய டயர் இறக்குமதியை மத்திய அரசு கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. ஆகவே வெளிநாட்டு டயரை வாங்கிவிட்டு அடுத்த முறையும் அதே டயர் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. எம்ஆர்எஃப்-இன் தலைமையகம் சென்னையில், டிவிஎஸ் யூரோகிரிப் டயர்களைச் செய்யும் டிவிஎஸ் ஸ்ரீசக்ரா மதுரையில். இருசக்கர டயரை ஆழமாக அறிந்த தொழில் நம் மண்ணிலேயே இருக்கிறது. உள்நாட்டில் தொடர்ந்து கிடைக்கும் டயரைத் தேர்வது பட்ஜெட் வண்டிக்கு அறிவான வழி.

ஓட்டத்தின் பெரும்பகுதி தாரில் என்றால், தொழிற்சாலை கொடுத்த வகை டயரையே மறுபடி போடுங்கள். அது சமரச டயர்தான், ஆனால் உங்கள் வாழ்க்கையும் அந்தச் சமரசத்தில்தான் ஓடுகிறது. வாரம் தவறாமல் தோட்டத்துக்கோ காட்டுப்பாதைக்கோ போகிறவர் முன்னால் மண்சார்பான டயரையும் பின்னால் நடுத்தரமான டயரையும் போடட்டும். பட்டன் டயர் இரு சக்கரத்துக்கும் தேவைப்படுவது மண்ணிலேயே பயிற்சி செய்கிறவருக்கும் போட்டிக்குப் போகிறவருக்கும் மட்டுமே.

டயர் நிறுவனங்களிடம் ஒரு கோரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல் கார், லாரி டயர்கள் ஈரச்சாலையில் எவ்வளவு பிடிக்கும் என்ற தரக்குறியோடு விற்கப்படுகின்றன. பைக் டயர்களுக்கு அங்கும் அது இல்லை. அதனால்தான் வாங்குகிறவர் படத்தையும் சதவீதத்தையும் நம்பி நிற்கிறார். விழுந்தால் உயிர் போகும் வாகனத்துக்குத்தான் அந்தத் தரக்குறி முதலில் தேவை. நம் நிறுவனங்கள் ஈரப்பிடிப்புச் சோதனை முடிவுகளைத் தாமாகவே வெளியிட முன்வர வேண்டும்.