குளிர்ச்சியைவிட ஓட்டமே முக்கியம்: சொந்தமாகச் செய்த டார்ச் கூலர்கள் பற்றி

6 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டை டிக் வெல்டிங் செய்ய 200 ஆம்பியருக்கு மேல் தேவைப்படும். அந்த மின்னோட்டத்தில் காற்றால் குளிரும் டார்ச்சின் கைப்பிடி சில நிமிடங்களிலேயே பிடிக்க முடியாதபடி சுடும். 20-ஆம் எண் நீர்க்குளிர் டார்ச் அளவில் சிறியது; 250 ஆம்பியர் வரை தாங்கும். ஆனால் அதற்குக் கூலர் வேண்டும். கடைக் கூலரின் விலை கட்டுப்படியாகாத சிறு பட்டறைக்காரர்கள் வாளி, பம்ப், பழைய ரேடியேட்டர், விசிறி ஆகியவற்றைக் கொண்டு தாங்களே ஒன்றைச் செய்துகொள்கிறார்கள். இந்த வழக்கம் அடிப்படையில் சரியானது. ஆனால் பலரும் சிக்கனம் பிடிக்கும் இடம்தான் தவறு.

முதலில் பலத்தைப் பார்ப்போம். நிமிடத்துக்கு 1 லிட்டர் தண்ணீர் டார்ச்சுக்குள் ஓடி 10 டிகிரி கூடுதல் சூட்டோடு திரும்பினால், அது சுமந்து வரும் வெப்பம் சுமார் 700 வாட். 20 லிட்டர் தண்ணீரை இந்த வெப்பம் 1 டிகிரி சூடாக்க ஏறக்குறைய 2 நிமிடம் ஆகும். ஒரு மூட்டைப் பற்றவைத்து, அடுத்ததைத் தேய்த்துச் சுத்தம் செய்து, பொருத்தி வேலை பார்க்கும் பட்டறையில் ஆர்க் எரியும் நேரம் குறைவு. அங்கே வெறும் வாளியே போதும். இடைவிடாத உற்பத்தி வேலைக்கு அது போதாது. ஒரு மணி நேரம் தொடர்ந்து ஆர்க் எரிந்தால் 30 டிகிரி ஏறும். கோடையில் 35 டிகிரியில் இருக்கும் தண்ணீர் 65-ஐத் தொட்டுவிடும். அங்கே ரேடியேட்டரும் விசிறியும் கட்டாயம். சொந்தக் கூலரைப் பழுது பார்ப்பதும் சுலபம்: செய்தவருக்கே ஒவ்வொரு இணைப்பும் தெரியும், உதிரிப் பாகமும் உள்ளூரில் கிடைக்கும்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. செய்பவர்களின் கவனமெல்லாம் தண்ணீரைக் குளிர்விப்பதிலேயே போகிறது. சிலர் ஐஸ்கூடப் போடுகிறார்கள். அது கெடுதல். அளவுக்கு மீறிக் குளிர்ந்த டார்ச்சில் காற்றின் ஈரம் படிந்து, வெல்டில் துளைகள் விழும். உண்மையில் டார்ச்சின் உயிர் ஓட்டத்தில் இருக்கிறது. நீர்க்குளிர் டார்ச்சில் மின்கம்பி, திரும்பும் தண்ணீர் ஹோஸுக்குள்ளேயே செல்கிறது. தண்ணீர் எப்போதும் உடன் ஓடும் என்பதால்தான் அந்தச் செம்புக் கம்பியை அவ்வளவு மெல்லியதாக வைக்க முடிகிறது. வெதுவெதுப்பான தண்ணீர் ஓடினாலும் டார்ச் பிழைக்கும். குளிர்ந்த தண்ணீர் நின்றுபோனால் கம்பி கருகும்.

ஆகவே பம்பைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். ஏர் கூலரில் போடும் முழுகு பம்ப் வாளிக்குள் வேகமாகப் பீய்ச்சும். டார்ச்சின் குறுகிய வழியில் அழுத்தம் போதாமல் வெறும் சொட்டாகிவிடும். அழுத்தம் தரும் டயாஃப்ரம் பம்போ வேன் பம்போ வேண்டும். அழுத்தம் மிகுந்து ஹோஸ் வெடிக்காமலிருக்க ஒரு பைபாஸ் வால்வும் தேவை. திரும்பும் ஹோஸை அளவுக் குடுவையில் ஒரு நிமிடம் பிடித்தால் உண்மை தெரிந்துவிடும். 1 லிட்டர் வராத கூலரை நம்பி டார்ச்சைப் பற்றவைக்கக் கூடாது.

தண்ணீரிலும் சிக்கனம் ஆகாது. போர்வெல் தண்ணீரின் உப்பு டார்ச்சுக்குள் படிந்து வழியை அடைக்கும். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் நல்லது. கசிவை அடைக்கும் மருந்து கலந்த கார் கூலன்ட் டார்ச்சையும் அடைத்துவிடும். அலுமினிய ரேடியேட்டர் டார்ச்சின் செம்போடு ஒரே தண்ணீரில் சேரும்போது அரித்துப்போகும். செம்பு ரேடியேட்டர் பாதுகாப்பானது. வெளிச்சம் புகாத தொட்டியில் பாசி பிடிக்காது.

மிகப் பெரிய குறை பாதுகாப்பு. 230 வோல்ட் பம்ப் இறைக்கும் அதே தண்ணீர்தான் வெல்டர் கையில் பிடித்திருக்கும் டார்ச்சுக்குள்ளும் ஓடுகிறது. முறையான எர்த்தும், மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இல்லாத கூலர் உயிருக்கே ஆபத்து. அடுத்தது ஃப்ளோ ஸ்விட்ச். ஓட்டம் நின்றால் டார்ச் ஸ்விட்ச் வேலை செய்யாதபடி அதை ஒரு ரிலே வழியாக இணைக்க வேண்டும். சொந்தக் கூலர்களில் முதலில் கழற்றி விடப்படுவது இதுதான். செய்தவர் கண்ணால் ஓட்டத்தைப் பார்த்துக்கொள்வார்; ஆனால் பட்டறையில் டார்ச்சைப் பிடிப்பவர் அவர் மட்டுமல்ல. புதிதாகச் சேர்ந்த பையனுக்கு எதைப் பார்க்க வேண்டும் என்பதே தெரியாது.

பெட்டி, பெயின்ட், ரேடியேட்டர், தொட்டி ஆகியவற்றில் எவ்வளவு வேண்டுமானாலும் மிச்சம் பிடிக்கலாம். பம்ப், ஃப்ளோ ஸ்விட்ச், ஆர்.சி.சி.பி. மூன்றையும் தரமாக வாங்க வேண்டும். அப்படிச் செய்த கூலரை யார் கையிலும் கொடுக்கலாம். அவை இல்லாத கூலரை, செய்தவரே ஆனாலும், ஓட்டக் கூடாது.